கூலண்ட் மாற்றியபின் ஊசி ஏறுகிறதா? உள்ளே காற்று நிற்கிறது

வணக்கம். காரின் ரேடியேட்டரைக் கழுவி வீட்டிலேயே கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றினீர்கள். கையேட்டில் சொன்ன அளவில் பாதிதான் உள்ளே போனது. இப்போது வெப்ப ஊசி ஏறுகிறது, ஹீட்டர் போட்டால் குளிர்காற்று வருகிறது என்கிறீர்கள். தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மாற்றச் சொன்ன மெக்கானிக்கைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பாதிதான் போனது என்பதிலேயே விடை இருக்கிறது: உள்ளே காற்று அடைத்திருக்கிறது.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும். அதனால் நீங்கள் ஊற்றியது ரேடியேட்டரை நிரப்பியதோடு நின்றுவிட்டது, என்ஜினுக்குள் காற்று தங்கிவிட்டது. பெரும்பாலான கார்களில் 80 முதல் 90 டிகிரிக்குள்தான் அது திறக்கத் தொடங்கும்.

இனி அப்படியே ஓட்டாதீர்கள், ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விடும். என்ஜின் முழுக்க ஆறியபிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள்; சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் குமிழியில்லாமல் கூலண்ட் வரும்வரை அதைத் தளர்த்தி வையுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, ஹீட்டரிலும் சூடு வந்துவிட்டால் சரி, மூடிவிடலாம். ஊசி நடுவைத் தாண்டினால் என்ஜினை உடனே அணையுங்கள்.

போர் தண்ணீர் கலந்தீர்களா? கலந்திருந்தால் மறுபடி இறக்கிவிடுங்கள், உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி. ஏற்கெனவே கலந்து வரும் ரெடிமிக்ஸ் என்றால் தண்ணீரே வேண்டாம்.

அப்புறம், இறக்கிய பழைய கூலண்டைத் திறந்து வைக்காதீர்கள். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இனிக்கும், நாய் நக்கினால் செத்துவிடும்.

காற்று போனபிறகும் ஊசி ஏறினால் எழுதுங்கள், தெர்மோஸ்டாட்டை அப்போது பார்ப்போம்.