சிவப்பு ஐசிங் வெள்ளையில் கசிகிறதா?

செம்பூரில் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கச் செய்த கிறிஸ்துமஸ் குக்கீயை ஃபிரிட்ஜில் வைத்தெடுத்ததும் சாண்டா தொப்பியின் சிவப்பு வெள்ளையில் கசிந்துவிட்டது, சில வீடுகளில் முட்டையும் ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஃபிரிட்ஜ்தான் காரணம். வெளியே எடுத்ததும் மும்பைக் காற்றின் ஈரம் குளிர்ந்த ஐசிங் மேல் முத்து முத்தாகப் படியும், அதில் சாயம் கரைந்து ஓடும். ஐசிங் போட்டபின் ஃபிரிட்ஜ் பக்கமே போகாதீர்கள். வெட்டிய மாவை அரை மணி நேரம் குளிரவைப்பது வேறு விஷயம். அதைச் செய்யாவிட்டால் நட்சத்திரக் குக்கீ ஓவனில் பரந்து அப்பளமாகிவிடும்.

முதலில் வெள்ளையை மட்டும் போட்டு, ஃபேனுக்குக் கீழே ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். நகத்தால் தட்டினால் பள்ளம் விழக்கூடாது. அப்புறம்தான் சிவப்பு. தண்ணியான கலர் வேண்டாம், ஜெல் கலர் வாங்குங்கள். கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் கிடைக்கும். சில மணி நேரம் முன்பே கலந்து வைத்தால் நிறம் தானாக அடர்ந்துவரும், நிறையக் கொட்ட வேண்டியதில்லை.

ஐசிங்கில் முட்டை வெள்ளைக்கருவுக்குப் பதில் கொண்டைக்கடலை வெந்த தண்ணீர். சிரிக்காதீர்கள்! உப்பில்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வெள்ளைக்கரு பதத்துக்குச் சுண்டவிட்டு ஆறவையுங்கள். மூன்று மேசைக்கரண்டியை நுரைக்க அடித்து, சுமார் 250 கிராம் ஐசிங் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இரண்டு சொட்டு வெனிலா போதும், கடலை வாசம் அடங்கிவிடும். கடலை சாயங்காலச் சுண்டலுக்கு ஆச்சு.

டப்பாவில் அடுக்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள்.