வாசகர் கேள்விகள்: 13 எழுத்தும் 43 ஆண்டும்

கேள்வி: எழுத்தாளர்களும் சிந்தனையாளர்களும் சமூகத்தை மாற்றினார்கள் என்று பாடத்தில் படிக்கிறோம். எழுதியதாலேயே எப்படி மாறும் ஐயா? மாறுகிற காலம் வந்தது, அதை அவர்கள் எழுதினார்கள் என்றுதானே சொல்ல வேண்டும்?
– கல்லூரி மாணவி, திருவாரூர்

என் கையால் தொட்டு அறிந்த ஒன்றைச் சொல்கிறேன் அம்மா. 1976இல், எனக்குப் பத்தொன்பது வயதில், விருத்தாசலத்தில் ஓர் அச்சகத்தில் கம்போசிங், அதாவது ஈய எழுத்துகளைக் கோக்கும் வேலை பழகச் சேர்ந்தேன். இடக்கையில் எழுத்தை வரியாக அடுக்கும் ஸ்டிக் இருக்கும். வலக்கை, எழுத்துகளை அறை அறையாக வைத்திருக்கும் கேஸுக்கும் ஸ்டிக்குக்குமாக ஓடிக்கொண்டே இருக்கும். எழுத்தைக் கண்ணால் தேடக் கூடாது, கை தானாகப் போக வேண்டும் என்பார் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர்.

அப்போதைய 'லை' இன்று நீங்கள் எழுதுவது போல இருக்காது. யானை தும்பிக்கையைத் தூக்கியது போல ஒரு கொம்பு மேலே வளைந்து, ஒரே ஈயத்துண்டாக இருக்கும். ணை, ளை, னை மூன்றும் அப்படித்தான். ணா, றா, னா ஆகியவை துணைக்கால் வாங்காமல் கீழே சுழித்துக்கொண்டு நிற்கும். அந்த மூன்றும் ஒகர ஓகாரத்தில் வரும்போது இன்னும் ஆறு. ஆக மொத்தம் 13. ஒவ்வொரு வடிவையும் தனியாக வாங்கி வைக்க வேண்டும். 'இல்லை', 'வேலை', 'தலை' வராத பத்தி தமிழில் ஏது? பாதிப் பக்கத்தில் "லை தீர்ந்துபோச்சு" என்று குரல் கேட்கும். அச்சடித்து முடித்த ஃபாரத்தை, அதாவது கோத்து வைத்த பக்கங்களைப் பிரித்து, எழுத்துகளை மறுபடி அதனதன் அறையில் போட்ட பிறகுதான் அடுத்த வரி நகரும்.

இந்த 13 எழுத்தையும் மற்ற எழுத்துகளின் முறைக்கே கொண்டுவந்து, 1935 தொடக்கத்திலேயே 'குடிஅரசு' ஏட்டில் அச்சடித்துக் காட்டியவர் பெரியார். எழுத்து ஒரு கருவி, கருவியைத் திருத்துவது குற்றமில்லை என்பது அவர் வாதம். குழந்தைக்குக் கற்பதும் அச்சுக்கோப்பவனுக்கு வேலையும் எளிதாகும் என்று கணக்கும் சொன்னார். அரசு ஆணை வந்தது 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். ஆட்சியில். நடுவே 43 ஆண்டுகள்.

அந்த 43 ஆண்டும் சும்மா கழியவில்லை. பிற ஏடுகள் பழைய எழுத்தில் வந்துகொண்டிருந்தபோது பெரியாரின் 'விடுதலை' ஏடு புது எழுத்தில் வந்தது. அதைக் கோத்த தொழிலாளர்களின் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லை. படித்தவர்களின் கண்ணுக்கு அந்த வடிவம் பழகிப்போயிருந்ததால்தான் அரசு ஆணை போட முடிந்தது. காலம் வந்தது என்கிறீர்கள். அந்தக் காலத்தை நாள் தவறாமல் இழுத்து வந்தவர்கள் இருந்தார்கள் அம்மா.

ஆணை வந்தும் எங்கள் முதலாளி உடனே மாறவில்லை. பள்ளி நோட்ஸ் ஒன்று புது எழுத்தில் வேண்டுமென்று வந்த நாளில்தான் ஆரம்பித்தோம். 'ை' ஒன்று, 'ல' ஒன்று, இரண்டு துண்டை எடுத்து 'லை' கோத்தேன். அதன் பிறகும் பல மாதம் என் கை பழைய அறைக்கே போய்த் திரும்பியது.

கேள்வி: எழுத்தைத் திருத்தியது ஒரு வசதி, அவ்வளவுதான். அதைச் சமூக முன்னேற்றம் என்று சொல்ல முடியுமா? சாதி அப்படியேதான் இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அருப்புக்கோட்டை

சாதி இருக்கிறது ஐயா. அதை மறுத்து ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன். ஆனால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில், 1928இல், புரோகிதரும் சடங்கும் இல்லாமல் பெரியார் தலைமையில் ஒரு திருமணம் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுயமரியாதைத் திருமணங்களில் முதலாவது என்று அதைத்தான் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு நிமிடம் அந்தப் பெண்களின் இடத்தில் நின்று பாருங்கள். தாலியைத் தானே மறுத்த பெண், இப்போது மனைவியே இல்லை என்கிறது சட்டம். பிள்ளைகளுக்குச் சொத்தில் பங்கு கிடைக்குமா என்ற பயம் வேறு. அதற்குப் பிறகும் அந்தத் திருமணங்கள் நிற்கவில்லை. 1967இல் அண்ணா ஆட்சி சட்டத்தைத் திருத்தியது. முன்பே நடந்த திருமணங்களும் செல்லும் என்றது.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989இல். அறுபது ஆண்டு. தீர்மானம் கேட்டு வீட்டுக்குப் போன பெண்களில் பெரும்பாலோர் சட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

'சுபமுகூர்த்தம்' என்று கோத்துக் கோத்துப் பழகிய கையால் 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா' என்று முதல் கல்யாணப் பத்திரிகை கோத்தது நினைவிருக்கிறது. பெண்ணின் அப்பா செங்கல் சூளைத் தொழிலாளி. புரூஃபை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். பெயருக்குப் பின்னால் சாதி வந்துவிட்டதா என்று இரண்டு முறை கேட்டார். செங்கல்பட்டில் போட்ட இன்னொரு தீர்மானம் அது, சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. அவர் தீர்மானத்தைப் படித்திருந்தாரா என்று தெரியாது, விட்டிருந்தார். என் தொழில் காலத்தில் பத்திரிகைகளில் சாதி வால் குறைந்துகொண்டே வந்ததை நானே கோத்துப் பார்த்தேன். இன்று ஃப்ளெக்ஸில் அது மறுபடி தலைதூக்குகிறது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

கேள்வி: பெரியாருக்கு முன் இதையெல்லாம் பேசியவர் யாருமே இல்லையா?
– இளைஞர், கோலார் தங்கவயல்

தம்பி, உங்கள் ஊர்க்காரரே இப்படிக் கேட்கலாமா? 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார ஏட்டைத் தொடங்கினார் அயோத்திதாசப் பண்டிதர். விலையே பெயரானது. பிறகு 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் காலமாகும் வரை வாரந்தோறும் எழுதினார். வித்தை, புத்தி, ஈகை, சன்மார்க்கம் என்ற நான்கும் வளர்ந்தால்தான் ஒரு நாடு வளரும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அதில் வாசகர்கள் கேள்வி அனுப்புவார்கள், பண்டிதர் பதில் எழுதுவார். தங்கவயல் சுரங்கத்தில் உழைத்த தமிழர்களிடம் அந்த ஏடு போய்ச் சேர்ந்தது. அவர் மறைந்த பிறகு உங்கள் ஊரிலிருந்தே ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' ஏட்டை மறுபடி நடத்தினார்.

பௌத்தம் தழுவிய பண்டிதருடைய சென்னை வட்டத்தில் பேராசிரியர் லட்சுமி நரசுவும் இருந்தார். பௌத்தம் பற்றி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு, 1948இல் அம்பேத்கர் முன்னுரை எழுதி மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். நாக்பூரில் அவர் பௌத்தம் தழுவியது 1956இல்.

இத்தனை செய்த பண்டிதரை நாம் பல பத்தாண்டுகள் மறந்திருந்தோம். அன்பு பொன்னோவியம் என்ற ஒருவர் பழைய 'தமிழன்' இதழ்களைப் பொத்திப் பாதுகாத்ததால்தான், ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து புத்தகமாகக் கொண்டுவர முடிந்தது. உங்கள் பகுதியில் இன்னும் சுரங்கத் தொழிலாளர்களின் பழைய லைன் வீடுகள் இருக்கின்றன. தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். 'தமிழன்' என்று தலைப்பிட்ட ஒரு தாள் செல்லரித்துக் கிடந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.