கோதுமையும் வேண்டாம், பாலும் வேண்டாம்: மலை வீட்டில் எப்படித் தொடங்குவது?

கேள்வி: குன்னூர் பக்கம் இருக்கிறோம். எனக்கு வயது 43. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ராத்திரி சப்பாத்தி, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் என்று பழக்கம். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது, பகலெல்லாம் அசதி. சென்னையில் இருக்கும் என் தங்கை குளூட்டன் இல்லாத வீகன் (பால், முட்டை, கறி எதுவும் சேராத) சாப்பாட்டுக்கு மாறியதில் உடம்பு லேசாகிவிட்டது என்கிறாள். நானும் வீட்டிலேயே முயன்று பார்க்கலாமா? அதற்கென்று விலை கூடிய மாவும் பாலும் வாங்க வேண்டுமா? 9 வயது மகனையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக முயன்று பார்க்கலாம். ஆனால் நாளைக் காலையே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம்தான் குளூட்டன். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இது சிறுகுடலின் உட்சுவரையே அரித்துவிடும். சத்து உறிஞ்சப்படாமல் ரத்தசோகை, எடைக் குறைவு, எலும்புத் தேய்மானம் வரை போகும். இதைக் கண்டுபிடிக்க முதலில் செய்வது டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. ஐ.ஜி.ஏ. என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம், அதன் மொத்த அளவையும் கூடவே பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலில் இருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். இந்தப் பரிசோதனைகள் சரியாகக் காட்ட வேண்டுமானால் நீங்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்திச் சில மாதம் ஆன பிறகு பரிசோதித்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். அப்புறம் உண்மை தெரிய, குறைந்தது 6 வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டுவிட்டுத்தான் மறுபடி ரத்தம் கொடுக்க முடியும். நிறுத்திப் பார்த்து நிம்மதி கண்ட யாருக்கும் அது பெரிய தண்டனை. இப்போது சப்பாத்தி சாப்பிடும்போதே பார்த்துவிட்டால் ஒரே வேலையாக முடிந்துவிடும். குன்னூரில் வசதி இல்லையென்றால் கோவைக்குப் போகிற அன்று கொடுத்துவிட்டு வாருங்கள்.

பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. வட இந்தியாவில் நூற்றில் ஒருவருக்கு இருக்கும் சீலியாக், தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்கு இல்லாமல் போகவே வாய்ப்பு அதிகம். ஆனால் இருந்தால், நீங்கள் செய்யப்போவது வாழ்நாள் முழுவதும் ஒரு துளிகூட விடாமல் காக்க வேண்டிய பத்தியம். இல்லையென்றால் அவ்வப்போது தளர்த்திக்கொள்ளக்கூடிய வீட்டு முயற்சி. இரண்டுக்கும் சமையலறை ஏற்பாடே வேறு.

அதே ரத்தத்தில் பி12, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி சப்பாத்தி பற்றியது அல்ல, மெட்ஃபார்மின் பற்றியது. அந்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடும்போது பி12 உறிஞ்சப்படுவது குறையும். உங்கள் அசதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். பி12 இயல்பாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், கறி ஆகியவற்றில் மட்டும்தான். அவற்றையும் விட்டுவிட்டால் இருக்கிற கையிருப்பும் மெல்லக் கரையும். கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது போல் இருப்பது எல்லாம் சர்க்கரையால் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். பி12 குறைவாலும் அதேதான் வரும். கீரையோ, முளைகட்டிய பயறோ, புளித்த மாவோ இதை ஈடுகட்டாது. வீகன் ஆகிறவர் எவரும் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். தினமும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒரு முறை 2000 மைக்ரோகிராம் என்பது பொதுவான அளவு. உங்கள் அளவை, ரத்த முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். வயிற்று உப்புசத்தையும் அவரிடம் சொல்லுங்கள். மெட்ஃபார்மினே சிலருக்கு வாயுவையும் வயிற்றுப்போக்கையும் கொடுக்கும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைக்கு மாற்றினாலே சிலருக்கு அடங்கிவிடுகிறது.

முடிவுகள் வந்த பிறகு முயற்சியைத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் விடாதீர்கள். உப்புசம் போனால் எதை விட்டதால் போனது என்று தெரியாமலேயே இரண்டையும் வாழ்நாளுக்கும் விலக்கி வைக்க வேண்டியிருக்கும். முதலில் பாலை விடுங்கள். வளர்ந்த பிறகு பால் சர்க்கரை செரிக்காமல் போவது நம் ஊர்ப் பக்கம் மிகச் சாதாரணம். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் குடிப்பவருக்கு ராத்திரி வயிறு உப்பினால் என் முதல் சந்தேகம் பால் மேல்தான். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, பிறகு கோதுமையை ஒரு மாதம் விடுங்கள். ஒரு நோட்டில் தினமும் ராத்திரி நாலு வரி எழுதுங்கள்: என்ன சாப்பிட்டேன், எப்போது உப்பியது, தூக்கம் எப்படி, சர்க்கரை எவ்வளவு.

கோதுமையை விட்டு வயிறு லேசானாலும் குற்றவாளி குளூட்டன்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. கோதுமையில் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகை ஒன்று இருக்கிறது. குடலில் புளித்து வாயுவை உண்டாக்குவது அது. வெங்காயத்திலும் பூண்டிலும் அது நிறைய உண்டு. கோதுமையை நிறுத்திவிட்டு, நம் மலைப்பூண்டைக் கைநிறைய உரித்துப் போட்டுக் குழம்பு வைத்தால் உப்புசம் அப்படியே இருக்கும். அந்த ஒரு மாதம் பூண்டையும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

இனி சமையல். விலை கூடிய மாவு எதுவும் தேவையில்லை. இட்லி, தோசை, அடை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, பொங்கல், சுண்டல் எல்லாமே நெய் விடாமல் செய்தால் நீங்கள் கேட்ட உணவுதான். படுகர் வீடுகளின் ராகி ஹிட்டும் (களி) அவரை உதக்காவும் (குழம்பு) சேர்ந்த சாப்பாடு, குளூட்டனும் பாலும் இல்லாத முழு உணவு. மேலே விடும் நெய்யை மட்டும் தவிர்க்க வேண்டும். நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டம் 2023-ல் தொடங்கியது. தேவைப்பட்டால் அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பழைய தானியம் என்றால் குளூட்டன் இருக்காது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ராகியோடும் சாமையோடும் இந்த மலையில் கோதுமையும் பார்லியும் விளைந்திருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்து வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சம்பா கோதுமை நல்ல தானியம், ஆனால் அதிலும் குளூட்டன் உண்டு. ரவை, சேமியா, மைதா எல்லாம் கோதுமைதான். ராகி சேமியா, ராகி பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். மால்ட் பானங்களில் பார்லி, கோதுமை, பால்பொடி எல்லாம் சேர்ந்திருக்கும். சோயா சாஸிலும் கோதுமை சேர்ப்பார்கள். சாயங்கால டீக்கு வர்க்கி சாப்பிடும் பழக்கம் இருந்தால், அதில் மைதாவும் உண்டு, நெய்யோ வனஸ்பதியோ உண்டு.

யாரும் சந்தேகப்படாத இடம் பெருங்காயம். கட்டியோ தூளோ, கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பார்கள். அரிசி மாவு கலந்தது கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். இன்னொரு இடம் மாவு மில். முன்னால் நின்றவர் 5 கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போன எந்திரத்தில்தான் உங்கள் ராகியைக் கொட்டுவார்கள். முதலில் விழும் இரண்டு பிடி மாவு வெளுப்பாக வருவதைக் கவனித்துப் பாருங்கள், அது அவருடைய கோதுமை. சீலியாக் இல்லாதவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது, கவலையை விடுங்கள். சீலியாக் உறுதியானால் மில் பக்கமே போகக் கூடாது. ராகியை வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள், சல்லடையும் தோசைக்கல்லும் தனியாக இருக்கட்டும்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்றுதான் பொருள். பால், நெய், தேன் எல்லாம் அதற்குள் அடக்கம். வீகன் பொருளுக்கு வேறு முத்திரை உண்டு, பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்து. மலைத்தேனும் வீகன் கணக்கில் வராது. குளூட்டன் இல்லை என்று அச்சிட, நம் நாட்டு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

கறி, மீன், பாலை விட்டவருக்குப் புரதம் பயறிலிருந்துதான் வர வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் தேவை. 100 கிராம் பருப்போ பயறோ 22 கிராம் அளவுக்குக் கொடுக்கும். மீதியை ராகியும் சாமையும் வேர்க்கடலையும் நிரப்பும். ஆகவே நாளுக்கு 100 கிராம் என்று அளந்து வைத்துக்கொண்டு, மூன்று வேளைக்கும் பிரியுங்கள். அவரை, பட்டர் பீன்ஸ், பட்டாணி, கொள்ளு என்று உங்கள் மார்க்கெட்டிலேயே எல்லாம் இருக்கிறது.

ஆனால் இங்கே மலை ஒரு சிக்கல் வைக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் கொஞ்சம் முன்னதாக. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அந்தச் சூட்டுக்கு மேல் ஏறாது. காய்ந்த அவரை வெளியே மென்மையாகத் தெரிந்தாலும் உள்ளே மாவாக நிற்கும். அரைவேக்காட்டுப் பயறு சாப்பிட்டு வயிறு உப்பினால், பாலையும் கோதுமையையும் விட்டும் பயனில்லை என்று நீங்கள் சோர்ந்துபோவீர்கள். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் சமவெளியில் வைப்பதைவிட இரண்டு மூன்று விசில் கூட வையுங்கள். ஒரு அவரையை எடுத்து விரல்களுக்கு நடுவே அழுத்தினால் கூழாக நசுங்க வேண்டும், நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இன்னும் வேகவில்லை. முதல் வாரத்தில் அரைக் கப்பில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். குடலுக்குப் பழக நேரம் வேண்டும்.

குளிரில் இட்லி மாவு பொங்காததும் அங்கே தெரிந்த கதைதான். உளுந்தை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, வெந்தயம் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்து, கையால் கலக்குங்கள். மாவுப் பாத்திரத்தைச் சுடுதண்ணீர் ஊற்றிய அண்டாவுக்குள் இறக்கி, கம்பளி சுற்றி வைத்தால் காலைக்குள் எழும்பும். எழும்பாத நாளில் அடை ஊற்றுங்கள். அடைக்குப் புளிக்க வேண்டிய அவசியமே இல்லை, புரதமும் இட்லியைவிடக் கூடுதல்.

சுண்ணாம்புச்சத்துக்கு ராகி நல்ல துணை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. பெரியவருக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்பதால் ராகி மட்டும் போதாது. எள்ளுத் துவையல், தண்டங்கீரை, சோயா பனீர் மாறி மாறி வரட்டும். ராகியை முளைகட்டினால் உடம்பு இன்னும் நன்றாக எடுத்துக்கொள்ளும். தேங்காய்ப்பால் ருசிக்குத்தான், பசும்பாலின் புரதமோ கால்சியமோ அதில் இல்லை. கடைப் பால் வாங்குவதானால் சர்க்கரை சேர்க்காத, கால்சியம் சேர்த்த சோயாப்பால் வாங்குங்கள். பாதாம் பானத்துக்குக் கொடுக்கும் காசு எனக்கு வீணாகவே படுகிறது.

மழை மாதங்களில் வெயிலே பார்க்காமல் ஸ்வெட்டருக்குள் இருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைவது சகஜம், அதையும் பரிசோதியுங்கள். மலை மக்களுக்கு அயோடின் முக்கியம். பாலையும் மீனையும் விட்டவருக்கு அயோடின் உப்புதான் நம்பகமான வழி. உடம்புக்கு நல்லது என்று இந்துப்புக்கு மாறிவிடாதீர்கள்.

டீ இல்லாத நீலகிரி இல்லை, அதனால் விடச் சொல்லமாட்டேன். பால் விடாமல் இஞ்சி தட்டிப் போட்ட கட்டன் டீ உங்களுக்குப் பொருந்தும். சாப்பிட்ட கையோடு குடித்தால் பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

சர்க்கரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சப்பாத்தியை நிறுத்திய கையோடு பலர் ராத்திரிச் சோற்றுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு சப்பாத்திக்குப் பதில் ஒரு சின்ன உருண்டை களி, அதைவிட இரு மடங்கு அவரைக் குழம்பு என்று தட்டை நிரப்புங்கள். குழம்பில் உருளைக்கிழங்கைக் குறைத்து அவரையைக் கூட்டுங்கள். ராகியைக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும், களியாகவோ அடையாகவோ மென்று சாப்பிட்டால் அந்த வேகம் குறையும். முதல் இரண்டு வாரம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பாருங்கள். மெட்ஃபார்மினோடு வேறு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவராக இருந்தால், உணவு குறையும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம், மாறுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முயற்சி செய்யாமலே எடை இறங்கினாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, ராத்திரி வயிற்றுவலியில் விழித்துக்கொண்டாலோ சாப்பாட்டைச் சோதித்துக்கொண்டிருக்காமல் உடனே காட்டுங்கள்.

மகனை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். வளரும் பிள்ளைக்குப் பாலும் முட்டையும் சப்பாத்தியும் தொடரட்டும். உங்களுக்குச் சீலியாக் என்று உறுதியானால், அது குடும்பத்தில் வரக்கூடியது என்பதால், அவனுக்கும் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டியிருக்கும். அதுவரை அவன் தட்டிலிருந்து கோதுமையை எடுத்துவிடாதீர்கள்.