காடு எரிந்தால் மிருகங்களுக்கு என்ன ஆகும்? கேள்வி பதில்

கச்சான் என்கிற வறண்ட கோடைக் காற்று அடிக்கத் தொடங்கியதும் அம்பாறை, மட்டக்களப்பு இரண்டு பக்கமும் காட்டுத்தீ பற்றித்தான் கேள்வி. முன்கூட்டியே ஒன்று: இந்தக் காற்றில் வரம்பு ஓரத்தில்கூடக் குப்பை கொளுத்தாதீர்கள்.

மிருகங்கள் ஓடித் தப்பிவிடும்தானே, சேர்? (ஆசிரியை, அக்கரைப்பற்று)

யானை, மரை, புள்ளிமான் பெரும்பாலும் தப்பும், டீச்சர். நிலத்தோடு கிடப்பவைதான் மாட்டிக்கொள்ளும். நட்சத்திர ஆமை ஆபத்து வந்தால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அதே இடத்தில் இருந்துவிடும். நெருப்புக்கு அது போதாது. காட்டுக்கோழியின் கூடு தரையில், தாய் பறந்தாலும் முட்டை போய்விடும். புற்றுக்குள் இறங்கிய உடும்பும் பாம்பும் பிழைக்கும், ஏனென்றால் புல் எரிகிற சூடு மண்ணுக்குள் அதிகம் இறங்காது. ஆனால் வெளியே வரும்போது ஒளிய ஒரு பற்றை இருக்காது. நெருப்பு ஓரத்தில் கரிச்சானும் பருந்தும் சுற்றுவதைப் பாருங்கள்: பதறி வெளியே வருகிற வெட்டுக்கிளி, ஓணான், எலி எல்லாம் அவற்றுக்கு இரை.

யானை எரிந்து செத்துவிடுமா?

மேலே சொல்லிவிட்டேன்.

கல்லோயாத் தேசியப் பூங்காவில் புல் எரிந்தால் மழைக்குப் பிறகு இளம்புல் வரும், மானுக்கு நல்லதுதானே அண்ணன்?

பாதி சரி, தம்பி. அங்குள்ள புல்வெளியில் நிற்கிற நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை எல்லாம் தடித்த பட்டை மரங்கள், நெருப்பைத் தாங்கும். இலுக்குப் புல்லும் மண்ணுக்கடியில் உள்ள தண்டிலிருந்து திரும்ப முளைக்கும். ஆனால் வருடா வருடம் எரித்தால் மரக்கன்று ஒன்றும் தலையெடுக்காது. ஓரத்துப் பாலை மரமும் வீரை மரமும் கருகி, காடு பின்வாங்க, இலுக்கு முன்னேறும். பாலைப்பழத்தை நம்பியிருக்கிற கரடி எங்கே போகும்? இளம்புல் வரும்வரை யானைக்கும் தீனி இல்லை. அது வயலுக்குத்தான் வரும். பிறகு மாரி மழையில் சாம்பலும் மேல்மண்ணும் கழுவப்பட்டுக் குளத்தில் போய்ப் படியும்.

பட்டிக்காரர்தான் கொளுத்துகிறார்கள், ஏன் மறைக்கிறீர்கள்? (செங்கலடி)
எங்கள் மாடு மேய்கிற புல்லை நாங்களே எரிப்போமா? வேட்டைக்காரரைக் கேளுங்கள். (பட்டி வைத்திருப்பவர்)

இதே சண்டையாக இன்னும் பல கடிதம் வந்திருக்கிறது. இருவருக்கும் சொல்கிறேன். நம் பகுதியில் கோடையில் எரிகிற காடு அநேகமாக மனிதன் வைத்ததுதான். மின்னல் நமக்கு மழையோடு வருவது. இளம்புல்லுக்காகக் கொளுத்துகிற மாட்டுக்காரர் உண்டு. அந்தப் புல்லுக்கு மான் வரும் என்று கொளுத்துகிற வேட்டைக்காரரும் உண்டு. சேனைப் பயிருக்காகக் காடு வெட்டி எரித்தது கைமீறிப் போவதும் உண்டு, தேனெடுக்க மூட்டிய புகையும் உண்டு. பட்டி வைத்திருக்கிற ஐயா, நீங்கள் எரிக்கவில்லை என்றால் நம்புகிறேன். உங்களைப் போன்றவர்கள்தான் புகையை முதலில் காண்பவர்கள்; உங்களைக் குற்றவாளியாக்கிவிட்டு யாரிடம் தகவல் கேட்பது? செங்கலடித் தம்பி, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

எரிந்த காட்டில் ஆமை எடுத்தோம், வளர்க்கலாமா?

கூடாது, சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையின் சர்வதேச வியாபாரமே 2019இல் தடைசெய்யப்பட்டது. வனவிலங்குத் திணைக்களத்தில் ஒப்படையுங்கள்.

யானைக்கு நெருப்பால்...

மூன்றாவது தடவை. முதல் பதிலைப் படியுங்கள்.

எரிந்த இடத்தில் தேக்கு நடலாமா?

வேண்டாம். காட்டு மரங்கள் அடித்தூரிலிருந்து துளிர்க்கும், பறவை போட்ட விதையும் முளைக்கும். மாடும் நெருப்பும் புகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நெருப்பைக் கண்டால்?

கிராம சேவகருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லுங்கள். கச்சான் வீசும்போது காற்று போகிற பக்கம் நின்று அணைக்கப் போகாதீர்கள்.