ஒரு ப்ராசஸின் மெமரி எங்கே இருக்கிறது என்பதை லினக்ஸ் சாதாரண பயனருக்குக் காட்ட வேண்டுமா?

கேட்டவரின் பிரச்சினை இதுதான்: லினக்ஸ் கெர்னல் ஓடும் ப்ராசஸ்களின் விவரங்களை ஃபைல்களாகக் காட்டும் ப்ராக் ஃபைல்சிஸ்டத்தில், தன் ப்ராசஸின் பேஜ்மேப்பை (ஒவ்வொரு மெமரிப் பேஜும் ராமில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஃபைல்) திறந்து படித்திருக்கிறார். பிசிகல் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யம் வருகிறது. "என் ப்ராசஸ், என் மெமரி. அது எங்கே இருக்கிறது என்று பார்க்கக்கூட ரூட் ஆக வேண்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம். எந்த நோடில் (ஒரு சிபியு சாக்கெட்டும் அதனோடு சேர்ந்த ராமும்) இருக்கிறது என்பதை ரூட் இல்லாமலே பார்க்கலாம். எந்த ஃப்ரேமில் (ராமில் ஒரு பேஜ் உட்காரும் துல்லியமான இடம்) இருக்கிறது என்பதை மட்டும்தான் மறைத்திருக்கிறார்கள். கோட்டை அந்த இடத்தில் போட்டது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் தகவலைப் பயனர் கண்ணில் படும்படி வைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு நிறையவே உண்டு.

முதலில் இந்தத் தகவல் ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு சாக்கெட் சர்வரில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அதனதன் ராம் உண்டு. அடுத்த சாக்கெட்டின் ராமைத் தொட வேண்டுமென்றால் இடையில் இருக்கும் இணைப்பைத் தாண்டிப் போக வேண்டும். இந்த அமைப்புக்குத்தான் நியூமா என்று பெயர். நியூமாசிடிஎல் கட்டளைக்கு ஹார்ட்வேர் ஆப்ஷன் கொடுத்தால் கடைசியில் ஒரு சின்ன அட்டவணை வரும். தன் நோடுக்கு 10, மற்றதற்கு 21 என்பது அதில் அடிக்கடி பார்க்கும் எண். இது நானோசெகண்ட் கணக்கு இல்லை, ஃபர்ம்வேர் சொல்லும் ஒப்பீடு மட்டுமே.

மெமரி கேட்கும் மேலாக் ஃபங்ஷனை அழைத்த உடனே ராமில் இடம் கிடைத்துவிடாது. ஒரு பேஜை எந்தத் த்ரெட் முதலில் எழுதித் தொடுகிறதோ, அந்தத் த்ரெட் அப்போது ஓடும் சிபியுவின் நோடில்தான் லினக்ஸ் இடம் கொடுக்கும். நான் வேலை செய்த ஒரு குழுவில் சிமுலேஷன் நிரல் ஒன்று இருந்தது. தொடக்கத்தில் மெயின் த்ரெட் மட்டும் 16 ஜிபி அர்ரே முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பும். அப்புறம்தான் மற்ற த்ரெட்கள் எல்லாம் கிளம்பி இரண்டு சாக்கெட்டிலும் பரவும். அர்ரே மொத்தமும் நோடு 0-இல் உட்கார்ந்துவிடும். பாதி த்ரெட்கள் ஒவ்வொரு பைட்டுக்கும் அந்தப் பக்கம் போய் வந்தன. அதைவிட மோசம், எல்லாருடைய பாரத்தையும் ஒரே சாக்கெட்டின் மெமரி கன்ட்ரோலர் சுமக்க, இன்னொன்று சும்மா கிடந்தது.

சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால் எல்லா கோரும் 100 சதவீதம். மெமரிக்காகக் காத்து நிற்கும் கோரையும் டாப் "வேலை செய்கிறது" என்றுதான் கணக்கில் சேர்க்கும். ஆகவே எல்லாம் நன்றாக ஓடுவதுபோலவே தெரியும். கூடுதல் சிபியு வாங்கலாமா என்ற பேச்சுகூட வந்தது.

ப்ராக் ஃபைல்சிஸ்டத்திலேயே இருக்கும் நியூமா_மேப்ஸ் என்ற ஃபைல், ஒவ்வொரு மெமரிப் பகுதியிலும் எந்த நோடில் எத்தனை பேஜ்கள் என்று காட்டும். அதில் அந்த அர்ரேக்கு உரிய வரி ஏறக்குறைய இப்படி இருந்தது:

7எஃப்3ஏ40000000 டிஃபால்ட் அனான்=4194304 டர்ட்டி=4194304 என்0=4194304 கெர்னல்பேஜ்சைஸ்_கேபி=4

4 கேபி பேஜ்கள் 4194304 என்றால் சரியாக 16 ஜிபி. என்0-க்கு, அதாவது நோடு 0-க்கு, நேராக மொத்தமும் இருக்கிறது, என்1 என்ற பெயரே வரியில் இல்லை. வேறு எதையும் ஆராய வேண்டியிருக்கவில்லை. பூஜ்யம் நிரப்பும் லூப்பையும் அதே த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுத்து, த்ரெட்களை அந்தந்த கோரோடு கட்டிப்போட்டதும் என்0, என்1 இரண்டிலும் 2097152 வந்தது. வேகமும் கண்ணுக்குத் தெரியும்படி கூடியது. சோர்ஸ் கையில் இல்லாத நிரல் என்றால் நியூமாசிடிஎல் மூலம் இன்டர்லீவ் (பேஜ்களை நோடுகளுக்கு மாறி மாறிப் பகிர்வது) போட்டு ஓட்டலாம்.

இனி பேஜ்மேப்பில் வந்த பூஜ்யத்துக்கு வருவோம். பேஜ்மேப் 2008-இல், 2.6.25 கெர்னலில் வந்தது. ஒவ்வொரு விர்ச்சுவல் பேஜுக்கும் 64 பிட். மேல் பிட் 63, பேஜ் ராமில் இருக்கிறதா என்று சொல்லும். 62, ஸ்வாப்புக்குப் போய்விட்டதா என்று. ராமில் இருந்தால் கீழே 0 முதல் 54 வரை ஃப்ரேம் எண். பல ஆண்டுகள் இதைத் தன் ப்ராசஸுக்கு யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. டிராமின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்ப அணுகினால் பக்கத்து வரிசையில் பிட்கள் புரளலாம் என்று 2014-இல் கார்னகி மெலன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரோஹேமர் என்று பெயர். 2015 மார்ச்சில் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ அதை வைத்தே சாதாரண பயனர் கெர்னல் அதிகாரம் வரை ஏறலாம் என்று செய்து காட்டியது. எந்த விர்ச்சுவல் பேஜ் எந்த டிராம் வரிசைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தேட பேஜ்மேப் நேரடி வழிகாட்டி ஆகிவிட்டது. அதனால் 4.0 கெர்னலில் உரிமை இல்லாதவர்கள் ஃபைலைத் திறக்கவே முடியாமல் செய்தார்கள். ஃப்ரேம் எண்ணே தேவைப்படாத வேலைகளும் அதோடு முடங்கின. 4.2-இல் மறுபடி திறந்துவிட்டு, கேப்_சிஸ்_அட்மின் என்ற நிர்வாகி உரிமை இல்லாதவருக்கு ஃப்ரேம் எண்ணை மட்டும் பூஜ்யமாக்கினார்கள். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

நோடு எண்ணை வைத்து நிரலைத் திருத்தலாம். ஃப்ரேம் எண்ணை வைத்து ஒரு சாதாரண பயனர் தன் நிரலை மேம்படுத்த அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. தாக்க நினைப்பவருக்கு மட்டும் அது பெரிய உதவி. ப்ராக்கில் இருக்கும் மேப்ஸ் ஃபைல் காட்டும் விர்ச்சுவல் முகவரிகளும் ஏஎஸ்எல்ஆரை (தாக்குபவர் ஊகிக்க முடியாதபடி முகவரிகளைக் கலைத்து வைக்கும் பாதுகாப்பு) உடைக்க உதவும் என்பதால்தான் அடுத்த பயனரின் மேப்ஸை உங்களால் படிக்க முடிவதில்லை. ப்ராசஸுக்குச் சொந்தக்காரருக்கு நோடு வரைக்கும் காட்டு, அதற்குக் கீழே காட்டாதே என்பது நியாயமான ஏற்பாடு.

என் வருத்தம் காட்டும் விதத்தில்தான். நியூமா_மேப்ஸ் மனிதர்கள் படிக்க எழுதியது போலவே இல்லை. பெரிய டேட்டாபேஸ் ப்ராசஸில் ஆயிரக்கணக்கில் வரிகள் வரும். சோலாரிஸ் இயங்குதளத்தில் ப்ராசஸின் மெமரியைப் பட்டியலிடும் பீமேப் கட்டளைக்கு -எல் கொடுத்தாலே ஒவ்வொரு மெமரிப் பகுதிக்கும் எதிரே எந்த எல்குரூப் (நோடுக்கு சோலாரிஸ் வைத்த பெயர்) என்று வந்துவிடும்; எல்லாரும் ஏற்கனவே பயன்படுத்தும் கருவியிலேயே அதைச் சேர்த்தார்கள். லினக்ஸில் நியூமாஸ்டாட் -பி என்று கேட்டால் நோடுவாரியாக எம்பி கணக்கு கிடைக்கும். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

இன்னொரு எச்சரிக்கை. நியூமா_மேப்ஸைப் படிக்கும்போது கெர்னல் அந்த ப்ராசஸின் பேஜ் டேபிளை நடந்து எண்ணுகிறது, அந்த ப்ராசஸின் மெமரி அமைப்பைக் காக்கும் எம்மேப் லாக்கைப் பிடித்துக்கொண்டு. மானிட்டரிங் ஏஜென்ட்டில் போட்டு சில விநாடிக்கு ஒருமுறை படிக்க வைக்காதீர்கள். பெரிய ப்ராசஸ் அதனாலேயே தடுமாறும்.

சரி, உங்களுக்கு என்ன தேவை என்பதைப் பொறுத்துத்தான் வழி. நியூமா விஷயம் என்றால் நியூமாஸ்டாட்டில் தொடங்குங்கள். குறிப்பிட்ட பேஜ்கள் மட்டும் வேண்டுமென்றால் மூவ்_பேஜஸ் என்ற கெர்னல் அழைப்பில் நோட்ஸ் இடத்தில் நல் (வெற்றுச் சுட்டி) கொடுங்கள். எதையும் நகர்த்தாமல், எது எங்கே என்று மட்டும் சொல்லும். டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடினால், எந்தக் கெர்னல் அழைப்புகளை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் அதன் இயல்பான செக்காம்ப் வடிகட்டி இந்த அழைப்பை மறித்துவிடும், நினைவில் வையுங்கள். டிபிடிகே (நெட்வொர்க் கார்டை நிரலே நேரடியாகக் கையாள உதவும் லைப்ரரி) மாதிரி ஏதாவது ஒன்றுக்காகப் பிசிகல் முகவரி தேடுகிறீர்கள் என்றால் ரூட் உரிமை கேட்டுப் போராட வேண்டாம். ஐஓஎம்எம்யூ-வை (கார்டுகள் பயன்படுத்தும் முகவரிகளை மாற்றித் தரும் ஹார்ட்வேர்) இயக்கி, கார்டைப் பயனர் நிரலிடம் பாதுகாப்பாக ஒப்படைக்கும் கெர்னல் வசதியான விஎஃப்ஐஓ வழியாகப் போங்கள். கார்டுக்கு விர்ச்சுவல் முகவரியையே கொடுக்கலாம், மாற்றிக்கொள்வதை ஐஓஎம்எம்யூ பார்த்துக்கொள்ளும். பேஜ்மேப்பைத் திறக்க வேண்டிய அவசியமே வராது.