ஈரமான செடிக்கழிவைக் காயவைக்காமலே எரிபொருளாக்க முடியுமா?

முடியும். ஆகாயத்தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள், எடையில் சுமார் 90 சதவீதம் தண்ணீர்தான். அதை உலர்த்தவே ஏகப்பட்ட வெப்பம் வீணாகும். நீர்வெப்ப முறையில் (hydrothermal processing), அதாவது கழிவை அதன் தண்ணீரோடே கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேகவைக்கும் முறையில், அந்தத் தண்ணீரையே வேலை வாங்குகிறோம்.

பிரஷர் குக்கருக்குள் சுமார் 120 டிகிரி. இங்கே 300 டிகிரி செல்சியஸ், வளிமண்டலத்தைப் போல 100 மடங்குக்கு மேல் அழுத்தம். அதனால் தண்ணீர் ஆவியாகாமல் திரவமாகவே இருக்கும், ஆனால் குணம் அடியோடு மாறிவிடும்: எண்ணெய்ப் பொருட்களைக் கரைக்கும், செடியின் நார்ப்பொருளான செல்லுலோஸின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். சில நிமிடங்களில் தார் போன்ற கறுப்பு எண்ணெய் பிரியும். 200 டிகிரி அளவிலேயே மணிக்கணக்கில் வைத்தால் கரி கிடைக்கும். செடியிலுள்ள சர்க்கரைகளிலிருந்து ஃபர்ஃபுரால் போன்ற வேதிப்பொருட்களும் வரும்.

சரி, எண்ணெயை அப்படியே வண்டியில் ஊற்றலாமா? கூடாது. ஆக்சிஜன் அதிகம், ஹைட்ரஜன் சேர்த்து அதை நீக்கிச் சுத்திகரிக்க வேண்டும், செலவு அங்கேதான் ஏறுகிறது.