மூட்டுக்கு ஊசி போட்ட பிறகு என்ன சாப்பிடலாம்? – வாசகர் கேள்வி பதில்

முழங்கால், தோள்மூட்டு, நாரி என்று ஊசி போட்டுக்கொண்டவர்களின் கேள்விகள்தான் இம்முறை அதிகம். எல்லோரும் ‘ஊசி’ என்று மட்டும் எழுதுகிறீர்கள். எந்த ஊசி என்று தெரியாமல் சாப்பாடு சொல்ல முடியாது. ஸ்டீரொய்ட் ஊசி வீக்கத்தை அடக்கும். டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தும் புரோலோதெரபி அதற்கு நேர் எதிர்; நொந்த சவ்வில் சிறு அழற்சியைக் கிளப்பி, உடம்பை ஆற்றும் வேலையில் இறக்கிவிடுவதே அதன் நோக்கம். பிஆர்பி என்பது உங்கள் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த சிறுதட்டுக்கள் (பிளேற்லெற்) நிறைந்த திரவம். கிளினிக் கொப்பியைப் பார்த்துப் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.

எனக்குச் சீனி வருத்தம். முழங்காலுக்குக் குளுக்கோஸ் ஊசி போடலாம் என்கிறார் டொக்டர். சீனி ஏறிவிடாதா? (கோப்பாய், 58 வயது)

கணக்குப் பார்ப்போம் ஐயா. 25 சதவீதக் கரைசல் 10 மில்லிலீற்றர் போட்டாலும் உள்ளே போவது 2.5 கிராம் குளுக்கோஸ். தேத்தண்ணிக்குப் போடும் சீனியில் அரைத் தேக்கரண்டி. பயப்பட வேண்டியது ஸ்டீரொய்ட் ஊசிக்குத்தான். அது மூட்டுக்குள் போட்டாலும் சில நாட்களுக்கு இரத்தச் சீனியை நன்றாக ஏற்றிவிடும். அந்த ஒரு கிழமை வீட்டு மெஷினில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பாருங்கள். பாண், வெள்ளை இடியப்பம் அளவைக் குறையுங்கள். பனங்கட்டி சீனியில் சேராது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதுவும் சீனிதான். மருந்தின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். சீனி ஏற்கெனவே கட்டுப்பாட்டில் இல்லையென்றால், எந்த ஊசிக்கும் முன்னர் அதை டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். கிருமித்தொற்று வரும் வாய்ப்பு கூடும், ஆறுவதும் தாமதிக்கும்.

கணுக்கால் சவ்வுக்கு ஊசி போட்டேன். கிரந்தி, புண்ணை ஆறவிடாத சாப்பாடு என்று மாமி கத்தரிக்காய், இறால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டா. இரண்டு கிழமையாகச் சோறும் ரசமும்தான். (சுன்னாகம்)

இப்படி எழுதுகிறவர் நீங்கள் மட்டும் இல்லை. எனக்கு ஆகக் கவலை தருவதும் இந்தப் பத்தியம்தான். ஊசி ஒரு தூண்டுதல் மட்டுமே. அறுந்து நைந்த இடத்தைக் கட்டியெழுப்புவது உங்கள் உடம்பு. சவ்வும் தசைநாரும் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். அதற்குச் சாப்பாட்டில் புரதம் வேண்டும், அந்தக் கொலாஜன் உறுதியாகச் சேர விற்றமின் சீ வேண்டும். 60 கிலோ நிறையுள்ள ஒருவர், ஆறும் காலத்தில் நாளொன்றுக்கு 60 முதல் 70 கிராம் புரதம் எடுப்பது நல்லது. சோறும் ரசமும் அதன் பக்கத்திலும் வராது. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். விற்றமின் சீ வேண்டும் என்று மாத்திரை தேடி அலைய வேண்டாம், வளவில் நிற்கும் கொய்யாவே போதும். ஒரு நல்ல பழத்தில் ஒரு நாளுக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே உண்டு.

இறால் சாப்பிட்டால் உடம்பு தடித்துக் கடிக்கிறது என்றால் அது ஒவ்வாமை, அவர்கள் தொடக்கூடாது. யூரிக் அமிலம் கூடியவர்கள் நெத்தலி, சூடை, ஆட்டு ஈரலை மட்டுப்படுத்த வேண்டும். மற்றவர்களுக்குக் கிரந்திக் கணக்கு தேவையில்லை. மாமியோடு சண்டைக்கும் போகாதீர்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக்கறியில் மீன் போட்டுக் கொடுப்பவர்கள்தானே? அதையே கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், பக்கத்தில் முருங்கையிலை வறையும் இருக்கட்டும்.

புரோலோதெரபிக்குப் பிறகு நோ கூடிவிட்டது. டைக்ளோபினாக் நோக்குளுசை போடலாமா? மஞ்சளும் அழற்சியைக் குறைக்குமாமே, கறியில் நிறுத்தவா? (பருத்தித்துறை)

முதல் சில நாட்கள் நோவது எதிர்பார்த்ததே. டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்றவை அந்த அழற்சியையே அணைக்கும் என்பதால், புரோலோதெரபிக்கும் பிஆர்பிக்கும் பிறகு தவிர்க்கச் சொல்வது வழக்கம். பரசிற்றமோல் போதும். இதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தவே கூடாது. கறி மஞ்சளைப் பற்றி யோசிக்க வேண்டாம். அழற்சியைக் குறைக்கும் என்று சொல்லப்படும் குர்க்குமின் என்ற பொருள் அதில் 3 சதவீதம் அளவில்தான். குர்க்குமின் கப்சூல் போடுகிறீர்கள் என்றால் மட்டும் டொக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், மூட்டு சிவந்து சுடுவது, நாளுக்கு நாள் வீக்கம் கூடுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆட்டெலும்பு சூப் குடித்தால் மூட்டுச் சில்லு (குருத்தெலும்பு) வளருமா?

நேரே சில்லுக்குப் போகாது. மற்றப் புரதம் போலவே குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துதான் போகும். ருசிக்காகக் குடியுங்கள், மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு.

நிறை 84 கிலோ. முழங்கால் தேய்மானம். ஊசியா, சாப்பாட்டுக் கட்டுப்பாடா? (நெல்லியடி)

ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம் என்றால் சாப்பாட்டைச் சொல்வேன். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு எட்டுக்கும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது. அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019 வழிகாட்டியும் முழங்கால் தேய்மானத்துக்கு நிறைகுறைப்பையும் உடற்பயிற்சியையும் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. பிஆர்பியை வேண்டாம் என்கிறது, புரோலோதெரபிக்கும் ஆதரவு தரவில்லை. காசைக் கட்டுமுன் இதையும் யோசியுங்கள். நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றாலே 200 கலோரி. அங்கிருந்து தொடங்கலாம்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை. நடுவில் எனக்கு முழங்கால் ஊசி. அடி அழிக்கும் நேர்த்தியும் இருக்கிறது. (அரியாலை)

மச்சம் இல்லாததால் குறையொன்றும் இல்லை அம்மா. காலையில் உழுத்தம்மாப் பிட்டு, மத்தியானம் பருப்போடு தயிர், பின்னேரம் அவித்த கடலை அல்லது பயறு, இரவுக் கறியில் சோயா என்று பிரித்துச் சாப்பிட்டால் புரதம் வந்துவிடும். ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம் இருப்பதாக இருந்தால், சீனிக்குக் குளுசை எடுப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சீனி திடீரென்று இறங்கிவிடலாம். அடி அழிப்பது வேறு கதை. ஊசி போட்ட முழங்காலை ஒவ்வொரு அடிக்கும் மடக்கி நிலத்தில் ஊன்றி எழும்ப முடியாது, ஊன்றவும் கூடாது. ஊசி இன்னும் போடவில்லை என்றால், திகதியைத் தீர்த்தத்துக்குப் பிறகு மாற்றித் தரச்சொல்லிக் கிளினிக்கில் கேளுங்கள். நேர்த்தியையும் இந்த நிலையில் செய்யலாமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.